லஸ்கர் காதரும் ஒரே ஓர் ஆட்டக்காரனும்

1

செவ்வாய்க்கிழமை எனக்கு வந்த கடிதத்தை என் மனைவி பிரித்துவிட்டாள். ஜெர்மனியில் ஒருவர் பெயருக்கு வந்த தபாலை இன்னொருவர் பிரிப்பது குற்றம். அதை அவளுக்கு எடுத்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்ததும் சட்டத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடிதத்தின் சாரம் இதுதான். திரு. முருகையன் அவர்களே, குடியுரிமை தொடர்பாக மே மாதம் உங்களுக்கு ஒதுக்கிய நேரத்துக்கு நீங்கள் வரவில்லை. வராததற்குக் காரணமும் தெரிவிக்கவில்லை. ஆகவே உங்கள் கோப்பு மூடப்படுகிறது. நட்பார்ந்த வணக்கங்களுடன். கழுத்தை அறுக்கும்போதும் நட்பார்ந்த வணக்கம் சொல்ல மறக்காத நாடு இது.

"அன்னிக்கு ஆபீஸ்ல அந்த அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, திருப்பி அனுப்பிட்டாங்கன்னு வந்து சொன்னீங்களே?"

"ஆமா."

"எந்த அம்மாவுக்கு?"

இருபத்தொரு வருடமாக இந்த ஊரில் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எங்கே கசிகிறது என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். அன்றைக்குக் கசிந்தது நான். காதோரம் வியர்வை வழிந்தது.

மனைவியும் மகள் இனியாவும் இரண்டு வருடத்துக்கு முன்பே இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டார்கள். விமான நிலையத்தில் அவர்கள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. அவர்கள் வெளியே போய்க் காப்பி குடித்து முடிக்கும் நேரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரிடம் நான் நல்லவன் என்று நிரூபித்துக்கொண்டிருப்பேன். அந்த வரிசையை ஒழிக்கத்தான் மே மாதத்து நேரம். நான் போகவில்லை. அலுவலகத்துக்கு எதிர்ப்புறம் இருந்த ரொட்டிக்கடையில் உட்கார்ந்து, வெண்ணெய் தடவிய பன் இரண்டு சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

என்னை அந்த ரொட்டிக்கடை நாற்காலியில் உட்கார வைத்தவன் என் நண்பன் ஜபருல்லா. எப்படி உட்கார வைத்தான் என்பதைத்தான் எழுதப் போகிறேன். எழுதினால் கோபம் குறையும் என்கிறார்கள். இதுவரை குறையவில்லை.

2

எல்லாம் போன அக்டோபரில் ஆரம்பித்தது. இனியாவுக்குப் பதினேழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளித் தோழர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவாள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை நடத்துபவர். "நீ ஒரு காட்டில் நிற்கிறாய், எதிரே பழைய பாலம், என்ன பண்ற?" என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம். "பாலத்தில் ஏறுகிறேன்" என்பார்கள். ஏறினார்களா, விழுந்தார்களா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். பெரிய எண் விழுந்தால் அக்கரை, சின்ன எண் விழுந்தால் ஆறு. கிட்டத்தட்ட நம்ம ஊர்க் கூத்துதான், யாருக்கும் வசனம் தெரியாது என்பது மட்டும் வித்தியாசம்.

நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்ப்பா. நீ எல்லாத்தையும் ஜோக் ஆக்கிடுவ. போன மாசம் டேவிட்டோட வீரன் செத்தப்போ நீ சமையல்கட்டுல இருந்து 'பதினாறாம் நாள் எப்போ'ன்னு கேட்ட. அவன் அழுதுட்டான்."

பரிதாபப்பட்டு அவளுடைய பழைய விதிப் புத்தகத்தைக் கொடுத்தாள். கடைசியில் ஓர் அத்தியாயம் இருந்தது: ஒரே ஓர் ஆட்டக்காரனை வைத்து நடத்துவது எப்படி. "ஒரு ஆள் போதும்ப்பா. உனக்கு ஒரு ஆளாவது இருப்பாங்கல்ல?" என்றாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் வலித்திருக்காது. நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

இருந்தான், ஜபருல்லா. திருத்துறைப்பூண்டியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பதினெட்டு வருடம் சவூதியில் இருந்துவிட்டு, "இனிமே ஏரோப்ளேன வானத்துல பாக்குறதோட சரி" என்று சபதம் போட்டு ஊர் திரும்பியவன். முள்ளியாற்றுப் பாலத்தை ஒட்டி உரக்கடை வைத்திருந்தான். எங்கள் செட்டில் ஊரோடு இருந்த ஒரே ஆள்.

வீடியோ காலில் விளையாட்டை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"சரி மாப்ள, நான் யாரு?"

"நீ ஒரு போர் வீரன். இல்லன்னா மந்திரவாதி."

"அம்பது வயசு நெருங்குது, முட்டி வலி. என்னைப் போய் குதிரையில ஏத்துறியே. எனக்கு லஸ்கர் உத்தியோகம் போட்டுக் குடு."

ஆற்று மதகுகளைத் திறந்து மூடும் அரசு ஊழியருக்கு எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்று பெயர். கலெக்டரைக் கண்டு எழுந்திருக்காத மிராசுதாரரும் லஸ்கருக்கு டீ வாங்கிக் கொடுப்பார். அப்படிப் பிறந்தவன்தான் லஸ்கர் காதர். கையில் வாளுக்குப் பதில் முழ நீளத்துக்கு ஷட்டர் சாவி. நாடு, ஒரு பெரிய ஆறு முப்பத்தாறாகப் பிரிந்து ஓடும் நாடு. தலைமாட்டில் எதுவோ உட்கார்ந்துகொண்டு தண்ணீரை விழுங்குகிறது. காதர் கிளை கிளையாக மேலேறிப்போய் அது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஒற்றை ஆளை வைத்து நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போது தெரியாது. ஐந்து பேர் இருந்தால் அவர்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள், நடத்துபவன் அந்த நேரத்தில் டீ குடிக்கலாம். ஒருவன் என்றால் அவன் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பான், கல்யாணமான முதல் வாரத்தைப் போல. அவன் செத்தால் கதையும் செத்தது. அதனால் துணைக்கு ஒருவரைக் கொடு என்கிறது புத்தகம். நான் ஒரு கர்ணம் பேயைக் கொடுத்தேன். கர்ணம் வேலையையே ஒழித்த பிறகும் விடாமல் பட்டா, சிட்டா, அடங்கல் என்று கேட்டுக்கொண்டு திரியும் கிராமக் கணக்கரின் ஆவி. கொள்ளைக்காரர்கள் சுற்றி வளைத்தாலும் அது தலைவனைப் பார்த்து, "ஓய், ஜமாபந்திக்கு ஏன் வரல?" என்று கேட்கும். இந்த நாட்டு அலுவலகங்களில் நான் பட்டதையெல்லாம் அந்தப் பேயின் வாயில் போட்டேன்.

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு காட்டைத் தயார் செய்தேன். மரம், புதர், பாம்பு, பாம்புக்கு ஒரு குடும்பப் பின்னணி. முதல் நாள் ஆட்டம். "காதர், எதிரே காடு. என்ன பண்ற?"

"காட்டுக்குள்ள போகல. டீ குடிக்கிறேன்."

இல்லாத டீக்கடை ஒன்றைக் கட்டி, மாஸ்டரைப் பிறக்க வைத்து, அவருக்கும் மச்சானுக்கும் வாய்க்கால் தகராறு ஒன்றை ஏற்படுத்தி, இரண்டு மணி நேரம் ஓட்டினேன். அவன் நாலு டீ குடித்தான். காட்டுப் பாம்பு இன்றுவரை காத்துக்கொண்டிருக்கிறது.

இருபது முகப் பகடை திருத்துறைப்பூண்டியில் கிடைக்காது. இருபது துண்டுச் சீட்டில் எண் எழுதி ஊறுகாய் பாட்டிலில் போட்டுக்கொண்டான். குலுக்கி ஒன்றை எடுத்து வாசிப்பான். சோழ நாட்டுக்காரனுக்குக் குடவோலை சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

நானாகச் சேர்த்த விதி ஒன்று உண்டு. ஆட்டத்து ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்பதை நிஜமான முள்ளியாறுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும்போது, "தண்ணி என்ன?" என்று கேட்பேன். "இரு, பாலத்துல போய்ப் பாத்துட்டு வரேன்" என்று கேமராவை அணைப்பான். இரண்டு நிமிடம் இருட்டுத் திரை. மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "பாலத்துல ரெண்டு கண்ணுல தண்ணி தள்ளுது, கலங்கல்" என்பான். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நான் வாரம் பூராவும் பம்புகளோடு மாரடித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

3

நவம்பரில் இரண்டு வாரம் ஆளைக் காணவில்லை. கேபிள்காரன் வயரை அறுத்துவிட்டான் என்றான். பிறகு, சனிக்கிழமை ஆட்டத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றலாமா என்று கேட்டான். "ஜும்மா முடிஞ்சா கடையில ஆள் வராது மாப்ள." எனக்கும் வெள்ளிக்கிழமை அரை நாள்தான் வேலை. மாற்றினேன்.

அதன் பிறகு அவனுக்குப் பின்னால் எப்போதும் உர மூட்டைகள் தெரிந்தன. ஏழு மூட்டை, ஒன்றன்மேல் ஒன்று. வாரா வாரம் அதே ஏழு. சம்பா நடவு முடிந்தது, களை எடுத்தார்கள், மேலுரம் போடும் நேரமும் போனது. ஒரு மூட்டை குறையவில்லை. பாவம், வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டத்தை நிறுத்திவிட்டு, வாடிக்கையாளரிடம் எப்படிச் சிரிக்க வேண்டும் என்று அரை மணி நேரம் அவனுக்கு வகுப்பு எடுத்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அன்று அவனுக்கு எவ்வளவு சிரிப்பு வந்திருக்கும் என்பதை நினைத்தால் எனக்குக் காது சுடுகிறது.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் திட்டத்தைப் பேசுவோம். ஐம்பதில் நான் ஊர் திரும்புவது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வயல் வாங்கி, இரண்டு பேரும் பாய் நாற்றங்கால் போடுவது. இயந்திர நடவுக்கு நாற்றைப் பாய் மாதிரி வளர்த்துச் சுருட்டிக் கொடுக்க வேண்டும், அந்தத் தொழில். தண்ணீர் ஏற்பாடு என்னுடையது, ஊர் வாய் அவனுடையது. "நீ வாயத் தொறந்தா மொத வாரமே கடைய மூடிருவானுங்க" என்பான்.

இதற்கு நடுவில்தான் குடியுரிமைக் கடிதம் வந்து நின்றது. இங்கே கையெழுத்துப் போட்டால் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் நமது ஊருக்கு நாம் விருந்தாளி. வீடு வாங்கலாம், வயல் வாங்க முடியாது. முதல் தடவை காகிதங்களைக் கொடுக்கப் போனபோதே எனக்குச் சகுனம் சரியில்லை. வேலை முடிந்து எழுந்தவன் பழக்க தோஷத்தில், "போயிட்டு வரேன்" என்பதை அப்படியே ஜெர்மனில் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "வர வேண்டாம், கடிதம் வரும்" என்றாள்.

மே மாதம், குறித்த நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஆட்டத்தின் முடிவில் ஜபருல்லாவிடம் கேட்டேன். தமாஷ் பண்ணாமல் கேட்டேன். அது எனக்குச் சுலபம் இல்லை.

"ஜபரு, போகவா, வேணாமா? நீ சொல்லு."

"என்னைக் கேக்குற?"

"உன்னை விட்டா அங்க எனக்குக் கூட்டாளி யாருடா இருக்கா?"

ஏழு மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூக்கைத் தேய்த்தான். பிறகு சொன்னான்.

"வந்துர்றா. நான் இருக்கேன்ல."

ரொட்டிக்கடை ஜன்னலில் என் நேரம் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, வாயில் சிரிப்பு இருந்தது. நான் இருக்கேன்ல. இந்த வார்த்தையை ஜெர்மனில் எனக்கு யாரும் சொன்னது கிடையாது.

4

ஜூனில் கல்லணை திறந்த செய்தியை நான் போனில் பார்க்கவில்லை. ஜபருல்லா இருக்கும்போது செய்தி எதற்கு? அந்த வெள்ளிக்கிழமை, "தண்ணி என்ன?" என்றேன். கேமரா அணைந்தது. வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்கினான்.

"மாப்ள, கரை தொட்டு ஓடுது! பாலத்துல கூட்டம். பூத்தூவி கும்பிடுறாங்க!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆட்டத்தில் முப்பத்தாறு கிளையிலும் வெள்ளம் விட்டேன். கர்ணம் பேய்கூட அன்று எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. மறுநாள் காலை அந்தச் சந்தோஷம் தாங்காமல் திருத்துறைப்பூண்டியில் இருக்கும் என் அக்கா வசந்தாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, முள்ளியாத்துல தண்ணி கரை தொட்டு ஓடுதாமே!"

"எந்த முள்ளியாத்துல?"

"நம்ம முள்ளியாத்துல. நேத்து."

"ஏன்டா, கல்லணையில முந்தாநேத்துதான் தெறந்தாங்க. அது இங்க வர்றதுக்கு ஒரு வாரமோ பத்து நாளோ ஆகுமே. நம்ம என்ன கல்லணைக்கு அடுத்த வீடா? கடமடைடா. ஆத்துக்குள்ள இன்னிக்கும் ஆடு மேயுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்லணையில் திறந்த தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு மதகாகக் கும்பிடு வாங்கிக்கொண்டு, கடைசியில் மனசு வந்தால் எங்கள் ஊருக்கு வரும். எங்கள் பக்கத்தில் அரைக்கால் சட்டை போட்ட பிள்ளைக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஊரில் நிற்பவன் எவனும் அந்தப் பொய்யைச் சொல்லமாட்டான். ஊரை மறக்காதவன் எவனும் அதை நம்பவும் மாட்டான்.

"ஜபருதான்க்கா சொன்னான். பாலத்துல போய் நின்னு பாத்துட்டு வந்து."

அக்கா குரலைத் தாழ்த்தினாள், சாவுச் செய்தி சொல்வது மாதிரி.

"அவரு ஊருலயே இல்லையேப்பா. தீபாவளி கழிச்சு நாலு நாள்ல திரும்ப சவூதிக்குப் போயிட்டாரு. தம்மாம்னாங்க. கடைய மூடி, இப்ப அதுல செல்போன் கடை வந்துருச்சு. வாராவாரம் பேசுறீங்க, ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்?"

போனை வைத்த பிறகு நான் செய்த காரியங்கள் வீரமானவை அல்ல. குளிர்சாதனப் பெட்டியை மூன்று தடவை திறந்து மூடினேன். பாஸ்போர்ட்டை எடுத்து முருகையன் என்பவன் நான்தானா என்று பார்த்தேன். பேசியது அக்காதானா என்று சந்தேகம் வந்து மறுபடி கூப்பிட்டு, நம் வீட்டுப் பழைய பசுவின் பெயர் என்ன என்று கேட்டேன். சரியாகச் சொல்லிவிட்டு, "மருந்து ஏதும் சாப்புடுறியாடா?" என்றாள்.

5

எட்டு மாதம். மூட்டைகளுக்கு முன்னால் எட்டு மாதம். அந்த மூட்டைகள் எப்படித் தம்மாமுக்குப் போயின?

இனியா சோபாவில் படுத்திருந்தாள். "ஜபர் மாமா எங்க இருக்கார்னு உனக்குத் தெரியுமா?" என்று சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"தெரியும். சவூதில."

"எப்படித் தெரியும்?"

"பின்னாடி அந்த மூட்டைப் படம் வருதுல்ல, அது நான்தான் வைக்கச் சொல்லிக் குடுத்தேன். அவர் கடையில எடுத்த பழைய போட்டோ. நவம்பர்ல எனக்கு மெசேஜ் பண்ணிக் கேட்டார். அப்பாகிட்ட சொல்லாத தங்கம்னார்."

"எட்டு மாசமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அவளை இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் போட்டது நான்தான். நேர்மையான பதில், கேள்வி கேட்டால் மட்டும். அவள் போனைக் கீழே வைத்தாள்.

"நீ வெள்ளிக்கிழமைதான்ப்பா வீட்ல சத்தமா சிரிப்ப. அம்மாவும் அதைச் சொன்னாங்க. அதைக் கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன். ஆபீசுக்குப் போகாம இருப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போகலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரொட்டிக்கடையில மரியா வேலை செய்யுறா. என் கிளாஸ். ரெண்டு பன் சாப்பிட்டயாமே."

துரோகம் என்று வீடு அதிரக் கத்த வேண்டிய உரிமை எனக்கு இருந்தது. ஆனால் கத்தினால் மனைவி வந்து எதற்கு என்று கேட்பாள், ரொட்டிக்கடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஆகவே குரலைத் தாழ்த்திக் கோபப்பட்டேன். அதுவும் நாலு நாள்தான். செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்து, என் பொய்யையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தது. ஜபருல்லாவின் மூட்டைக் கதையையும் மனைவியிடம் சொல்ல வேண்டி வந்தது.

மனைவி முதியோர் இல்லத்தில் தாதி. அங்கே மறதிக்காரர்களிடம் பேசும் குரலில் நிதானமாக, "ஏங்க, உங்க ரெண்டு பேர்ல யாரு யாரை ஏமாத்துனீங்கன்னு எனக்கு வேணாம்" என்றாள். புது விண்ணப்பப் படிவத்தை அச்செடுத்து மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடுங்க. இல்ல, ஊருக்குத்தான் போறீங்கன்னா அதையாவது என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அந்தப் படிவத்தைப் பார்த்தபடி இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு எரிந்தது அவன் போனது அல்ல. போகாமல் யார் இருந்தோம்? எரிந்தது வேறு. நான் ஒருவனை வைத்து ஆட்டம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். காடு கட்டினேன், பேய் கட்டினேன். ஆனால் வாரா வாரம், "தண்ணி என்ன?" என்று கேட்டவன் நான். அவன் சொன்னான், நான் நம்பினேன். பாலத்தைச் சொன்னான், பார்த்தேன். கூட்டத்தைச் சொன்னான், அழுதேன். "நான் இருக்கேன்ல" என்றான், என் பங்குக்கு நகர்ந்து போய் ரொட்டிக்கடையில் உட்கார்ந்தேன். இல்லாத ஊர் ஒன்றை எட்டு மாதம் அவன் எனக்கு நடத்தியிருக்கிறான். அந்த ஆட்டத்தில் ஒரே ஓர் ஆட்டக்காரன் நான்தான். விதிப் புத்தகம் படிக்காமலே என்னைவிட நன்றாக நடத்தினான். அதுவும் எரிந்தது.

6

வெள்ளிக்கிழமை மதியம். படிவம் பக்கத்தில். திரையில் ஜபருல்லா, ஏழு மூட்டை.

"தண்ணி என்ன?" என்றேன்.

"இரு மாப்ள, பாத்துட்டு வரேன்."

இரண்டு நிமிட இருட்டு. இந்தத் தடவை அந்த இருட்டைக் கவனமாகக் கேட்டேன். எங்கோ இரும்புக் கதவு சாத்தும் சத்தம். மூச்சு வாங்க வந்தான்.

"அப்படியே நிக்குது. கரை தொட்டு."

"சரி, ஆரம்பிப்போம். காதர் ஊருக்குத் திரும்பி வர்றான். பாலத்துல ஏறிப் பாக்குறான். ஆறு காஞ்சு கெடக்கு. ஆடு மேயுது."

"டேய், இப்பதானே சொன்னேன், ஓடுதுன்னு?"

"பாலத்தடியில கர்ணம் உக்காந்துருக்காரு. காதரைப் பாத்து, 'ஓய், இருப்பிடச் சான்று எங்க?'ன்னு கேக்குறாரு."

சிரித்தான். "எந்தச் சான்று?"

"நீர் எந்த ஊருல குடியிருக்கீர்ங்கிறதுக்கு. ரேஷன் கார்டு காட்டும். கதவு நம்பர் சொல்லும். காதர், என்ன பண்ற?"

சிரிப்பு பாதியில் நின்றது. மூக்கைத் தேய்த்தான். மூட்டைகள் மறைந்தன. அவனுக்குப் பின்னால் இரண்டடுக்கு இரும்புக் கட்டில், மேல் கட்டிலிலிருந்து தொங்கும் யாருடைய ஈரத் துண்டோ, சுவரில் ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலில் வெயில் வெள்ளை வெளேரென்று அடித்தது.

"வசந்தா அக்காவா?"

"ம்."

"இனியா பாப்பா மேல கோவிச்சுக்காத. நான்தான் சத்தியம் வாங்கினேன்."

"ஓடுனியேடா ஒவ்வொரு தடவையும்! மூச்சு வாங்குனியே! அதுக்கு என்னடா அவசியம்? நாடகத்துல பரிசு வாங்கப் போறியா?"

"நெசமாவே ஏறுனேன்டா. மூணு மாடி. மொட்டைமாடியில போய் நின்னு, இந்த மாசத்துல, இந்த நேரத்துல எவ்ளோ ஓடும்னு நெனச்சுப் பாப்பேன். பாத்துட்டுத்தான் வந்து சொல்லுவேன். போன வாரம் கல்லணை தெறந்தாச்சுன்னு போன்ல பாத்ததும் எனக்குத் தலகால் புரியல. வர்றதுக்கு நாளாகும்னு மறந்தே போச்சு."

"அதை விடு." என் குரல் எனக்கே பிடிக்காத இடத்துக்குப் போனது. "மே மாசம் உன்னைக் கேட்டேன்ல. போகவா வேணாமான்னு. அன்னிக்கு ஏன்டா சொன்ன, வந்துர்றா, நான் இருக்கேன்லன்னு? இந்தக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு!"

மேல் கட்டிலில் யாரோ புரண்டார்கள்.

"கடைய மூடுறப்போ ஊர்ல எல்லாத்துக்கும் சொன்னேன். உனக்கு மட்டும் சொல்ல முடியல. ஏரோப்ளேனப் பத்திப் பெருசா சபதம் போட்டதே உங்கிட்டதான். அப்புறம் நீ தண்ணி என்னன்னு கேட்டியா, வாய் தானா சொல்லிருச்சு. மே மாசம் நீ வர்றேன்னு சொன்னதும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. இவன் வந்துட்டா, இவன் வந்து நிக்கிறான்னு சொல்லி நானும் போயிரலாம். உன்னைச் சாக்கா வச்சு நான் ஊருக்குப் போகலாம்னு பாத்தேன்டா."

"நான் உன்னைச் சாக்கா வச்சுத்தான்டா ஆபீசுக்குப் போகல."

"தெரியும்."

ஏதாவது ஒரு தமாஷ் சொல்லி இந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும் என்று தேடினேன். நாற்பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கையில் ஒன்றும் சிக்கவில்லை.

"போன வச்சுராத," என்றான். "காதர் அங்கேயே நிக்கிறான்."

"நிக்கட்டும்."

"கர்ணத்துக்குப் பதில் சொல்லாம காதர் நேரா போறான். முருகையன் வீட்டுக் கதவத் தட்டுறான்."

"ஆட்டத்துல எனக்கு வீடு இல்ல."

"இப்பக் கட்டு. எனக்குன்னா ஒரு நிமிஷத்துல டீக்கடை கட்டுனியே."

கட்டினேன். பாலத்திலிருந்து நாலாவது வீடு, பச்சைக் கதவு. "பூட்டியிருக்கு. உள்ள ஆள் இருக்கு," என்றேன். "கதவு தொறக்குமான்னு சீட்டு எடு. பதினஞ்சுக்கு மேல வந்தாத்தான்."

"பதினஞ்சா? கொள்ளைக்காரனுக்கே பத்துதானேடா வச்சிருந்த?"

"இவன் கொள்ளைக்காரன் இல்ல."

ஊறுகாய் பாட்டில் குலுங்கும் சத்தம். சீட்டு பிரியும் சத்தம். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சீட்டில் இருந்த எண் எனக்குத் தெரியாது. பதினெட்டு என்று சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன், இவ்வளவு பட்ட பிறகும் நம்பியிருப்பேன்.

"ரெண்டு," என்றான்.

நடத்துபவன் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "கதவு தொறக்கல."

தலையை ஆட்டினான். நான் படிவத்தை இழுத்து, என் பெயர் இருந்த இடத்துக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். இந்த ஊர்க் காகிதம் தடிமன், பேனா கரகரவென்று சத்தம் போட்டது.

"என்னடா சத்தம்?"

"கையெழுத்துப் போட்டேன்."

அவனுக்குப் புரிந்தது. கீழே குனிந்து சீட்டை மடித்துப் பாட்டிலில் திரும்பப் போட்டான். எனக்கு அழைப்பைத் துண்டிக்க வேண்டும் போலவும் இருந்தது, விரல் போகவும் இல்லை.

"காதர்," என்றேன் கடைசியில். "கதவு தொறக்கல. என்ன பண்ற?"

"வாசல்ல உக்காந்துருக்கேன்."

"எவ்ளோ நேரம்?"

"நீதானே நடத்துற," என்றான். "நீ சொல்லு."